கிவ் அப் என்றால் என்ன

ஜூன் 8, ஞாயிறு

இங்கிலீஷ் டீச்சர் நூருன்னிசா தினமும் ஒரு பக்கம் இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருக்கிறாள். மை நேம் இஸ் தெய்வானை. ஐ லிவ் இன் குமாரபாளையம். ஐ கட் வெஜிடபிள்ஸ் இன் காலேஜ் ஹாஸ்டல். இதற்கு மேல் எனக்கு வரவில்லை. மீதியைத் தமிழில் எழுதுகிறேன். அவளிடம் காட்டப்போவதில்லை.

நாற்பத்தெட்டு வயதில் இங்கிலீஷ் வகுப்பு எதற்கு என்று மெஸ்ஸில் எல்லோரும் கேட்கிறார்கள். சும்மாதான் என்று சொல்லிவிட்டேன்.

சும்மா இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் என்னோடு பேசினாள். நான் அவளைக் கடைசியாகத் தூக்கியபோது அவளுக்கு மூன்று வயது முடியவில்லை. இப்போது இருபத்தெட்டு. ஸ்வீடன் நாட்டில் இருக்கிறாள். பெயர் ஆனிகா. நான் வைத்த பெயர் பூங்கொடி.

சென்னையில் பிரமிளா என்று ஒரு பெண் இருக்கிறார். இப்படிப் பிரிந்துபோன பிள்ளைகளைத் தேடிச் சேர்க்கிற சங்கத்தில் வேலை. என் எச்சிலை வாங்கிக்கொண்டுபோய்ப் பரிசோதனை செய்து, பொருந்திவிட்டது என்று அவர்தான் சொன்னார். போனில் ஒரு பக்கம் மகள், ஒரு பக்கம் பிரமிளா. வீட்டுக்காரர் போனைச் சொம்பில் சாய்த்து நிறுத்திக் கொடுத்தார். தறியில் பாதி போன ஆள்காட்டி விரலுக்கு அந்தப் போன் கேட்பதில்லை. நடுவிரலால் அழுத்துவார். படம் வந்ததும், "நீ பேசு" என்று வெளியே போய்விட்டார்.

அவள் முகத்தில் அவர் மூக்கு இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

அவள் ஒரு கேள்வி கேட்டாள். பிரமிளா உடனே சொல்லவில்லை. கொஞ்சம் யோசித்து, "உங்களால ஏன் அவங்கள வளர்க்க முடியாமப் போச்சுன்னு கேக்குறாங்கம்மா" என்றார். ஆனால் அவள் கேட்டது அவ்வளவு நீளமில்லை. கடைசியில் வந்த சொல் எனக்குத் தெரிந்த சொல்லாக இருந்தது. ஹாஸ்டலில் பையன்கள் கேரம் விளையாடும்போது கத்துவார்கள். கிவ் அப். கிவ் அப்.

என் மகள் என்னிடம் முதலில் கேட்ட சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரியவேண்டும். அதற்குத்தான் வகுப்பு.

ஜூன் 10, செவ்வாய்

மருந்துக்கடைக்கு மேலே வகுப்பு. நூருன்னிசாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். என்னைத் தவிர எல்லோரும் காலேஜ் பெண்கள். முதல் வரிசையில் உட்காரச் சொன்னாள், எனக்குக் கரும்பலகை சரியாகத் தெரியாது என்று அவளாகவே கண்டுபிடித்துவிட்டாள்.

வகுப்பு முடிந்து கேட்டேன். "டீச்சர், கிவ் அப்னா என்னங்க?"

"கிவ்னா குடு. அப்னா மேல. ரெண்டும் சேர்ந்தா அர்த்தமே வேறக்கா. விட்டுடறது. பீடி குடிக்கிறத விட்டுட்டா கிவ் அப். பஸ்ல வயசானவங்களுக்கு எடம் விட்டுக் குடுத்தாலும் கிவ் அப். பரீட்சைக்குப் படிச்சுப் படிச்சு, இனி நம்மால ஆகாதுன்னு வுட்டுட்டா அதுவும் கிவ் அப்."

"பிள்ளைய?"

அவள் டஸ்டரைக் கீழே வைத்தாள். "பிள்ளைய வேற யாருக்காச்சும் குடுத்துட்டாலும் அப்படித்தான் சொல்வாங்க. எதுக்குக்கா?"

"ஒருத்தங்க சொன்னாங்க" என்றேன்.

இறங்கி வரும்போது படியில் உட்கார்ந்துவிட்டேன். மருந்துக்கடைக்காரர் தண்ணீர் கொடுத்தார்.

வொய் டிட் யூ கிவ் மீ அப். இதுதான் அவள் கேட்டது. இப்போது காதில் முழுசாகக் கேட்கிறது.

ஜூன் 12, வியாழன்

மெஸ்ஸில் இரண்டு பேர் லீவு. கருணைக்கிழங்கு நறுக்கிக் கை அரிப்பு. புளித்தண்ணீரில் கழுவியும் போகவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

மதியம் பேசினாள். பிரமிளாவும் இருந்தார். ஆனிகா டிராம் வண்டி ஓட்டுகிறாளாம். தெருவில் தண்டவாளம் போட்டு ஓடுகிற வண்டி. நீலச் சட்டை போட்டு வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் படத்தைக் காட்டினாள். இவ்வளவு பெரிய வண்டியை என் பிள்ளை ஓட்டுகிறது.

நான் சொல்ல நினைத்ததைப் பிரமிளாவிடம் தமிழில் சொன்னேன். "நான் குடுக்கவே இல்லைன்னு சொல்லுங்க. நான் சீக்காக் கெடந்தேன், புள்ளைங்க இல்லத்துல கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கச் சொல்லித்தான் வுட்டோம், வந்து பாத்தா புள்ள இல்ல, ஏமாத்திட்டாங்கன்னு சொல்லுங்க."

பிரமிளா சொன்னார். ஆனிகா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் சொன்னதைப் பிரமிளா தயங்கித் தயங்கிச் சொன்னார். "அவங்க ஸ்வீடன் அப்பா அம்மாகிட்ட, பெத்த அம்மா இறந்துட்டாங்கன்னு சொல்லித்தான் கொடுத்தாங்களாம். சின்ன வயசுல இருந்து நீங்க இல்லைன்னுதான் நினைச்சிட்டிருந்தாங்களாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் உசுரோடதான இருக்கேன்" என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்தால் கண் சுருங்கிவிடுகிறது.

வீட்டுக்காரர் இன்றும் இல்லை. ஞாயிறு, தறிப்பட்டறை ஓடாது. இருந்தும் போயிருக்கிறார். வந்ததும் எல்லாம் சொன்னேன். நான் செத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள் என்றேன். "ம்" என்றார். சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டார்.

ஜூன் 16, திங்கள்

நேற்று ஆனிகாவிடம் சரியாகச் சொல்லவில்லையோ என்று நாள் முழுக்கத் தோன்றியது. இங்கே எழுதிப் பார்க்கிறேன். நன்றாக வந்தால் இங்கிலீஷில் மாற்றிக்கொள்ளலாம்.

பூங்கொடிக்கு இரண்டு வயதில் எனக்கு இருமல் வந்தது. அப்போது நானும் பட்டறையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் பஞ்சு போய்விட்டது என்று நினைத்தோம். ரத்தம் வந்ததும் காசநோய் என்று பெருந்துறை சானடோரியத்தில் சேர்த்தார்கள். முதல் மருந்து கேட்கவில்லை. மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். பிள்ளையைப் பக்கத்தில் விடக்கூடாது. எனக்கு அம்மா இல்லை, அவருக்கும் இல்லை. அவர் இரண்டு ஷிப்ட் தறி ஓட்டிக்கொண்டு, பிள்ளையைப் பட்டறைத் தூணில் சேலையால் கட்டிவைத்திருந்தார். அப்புறம்தான் அந்த இல்லம். மலையடிவாரத்தில் பெரிய கேட் போட்டு, உள்ளே வேப்பமரங்களாக இருக்கும். நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வந்து சொன்னார். நான் சானடோரியத்தில் படுத்துக்கொண்டே கும்பிட்டேன்.

பிழைத்து வந்தேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருவோம் என்றேன். "வெள்ளக்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாங்களாம் புள்ள. நம்மளக் கேக்காமயே அனுப்பிட்டாங்க" என்றார். 

நான் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் ஏறிப் போய் அந்த கேட்டுக்கு முன்னால் நின்றேன். வாட்ச்மேன் விரட்டுவான். நகர்ந்து நின்று மறுபடியும் வருவேன். இவரும் கூட வருவார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். இல்லத்தை மூடி, கேட்டைக் கழற்றிக்கொண்டு போகும்வரை போனோம். என்னைத் தனியாக அனுப்பியதே இல்லை. அந்த ஒன்றுக்காகவே இவரை எதுவும் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்புறம் எங்களுக்குப் பிள்ளை இல்லை.

ஜூன் 19, வியாழன்

இன்று நூருன்னிசா கிவ் அப்போடு ஆன் சேர்த்தாள். ஒரு பொருளை விட்டால் கிவ் அப். ஒரு ஆளைப் பற்றி, இனி இவர் தேறமாட்டார் என்று நம்பிக்கையை விட்டுவிட்டால் கிவ் அப் ஆன்.

"டாக்டருங்க கேவ் அப் ஆன் ஹிம். அப்படின்னா?"

"டாக்டருங்க கைவிட்டுட்டாங்க" என்றேன். எல்லோருக்கும் முன்னால் எனக்குத்தான் வந்தது.

"சூப்பர்க்கா!"

வராமல் என்ன. என்னைப் பற்றி வீட்டுக்காரர் சொல்கிற வார்த்தைதானே அது. யாராவது பழைய கதை கேட்டால், "டாக்டரே கைவிட்டுட்டாங்க, இவ எந்திரிச்சு வந்துட்டா" என்பார். பெருமையாகச் சொல்கிறார் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பெருமைதான். வேறென்ன.

ஜூன் 22, ஞாயிறு

இன்று பிரமிளா இல்லை. நாங்கள் இரண்டு பேர் மட்டும். 

ஆனிகாவுக்கும் இங்கிலீஷ் சொந்த மொழி இல்லையாம். பள்ளிக்கூடத்தில் படித்ததாம். அதைக் கேட்டதும் பாதி பயம் போய்விட்டது. அவளும் ஒரு சொல்லுக்காக நின்று மேலே பார்க்கிறாள். நானும் மேலே பார்க்கிறேன். 

"ஈட்?" என்றேன்.

"யெஸ். யூ?"

"ஐ ஈட். ரைஸ். கீரை." கீரைக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் கட்டையே தூக்கிக் காட்டினேன். அவள் ஒரு கிண்ணம் நிறையச் சிவப்புப் பழம் காட்டினாள். அங்கே இப்போது ராத்திரி பத்து மணிக்கும் சூரியன் போவதில்லையாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை, ஆனால் தலையாட்டினேன்.

பிறகு, "வேர் இஸ் ஃபாதர்?" என்றாள்.

"வொர்க்."

"சண்டே?"

"யெஸ். சண்டே வொர்க்."

அவள் பழத்தைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "ஹீ டசின்ட் வான்ட் டு சீ மீ?"

வான்ட் தெரியும், சீ தெரியும். "வான்ட், வான்ட்" என்றேன். "மச் வான்ட்."

கட் செய்த பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது சூடாக இருந்தது.

ஜூன் 25, புதன்

வீட்டுக்காரர் பீடியை விட்டுவிட்டார். முப்பது வருஷப் பழக்கம். நான் சீக்காகக் கிடந்தபோதுகூட விடாதவர். ஏன் என்று கேட்டால், "புடிக்கல" என்கிறார். சோறும் பாதிக்கு மேல் இறங்குவதில்லை. சட்டை தொளதொள என்று தொங்குகிறது.

வகுப்பில் எழுதினேன்: மை ஹஸ்பன்ட் கேவ் அப் பீடி. நூருன்னிசா குட் என்று போட்டுக் கொடுத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

இதை எழுதலாமா என்று தெரியவில்லை.

ஆனிகா தன்னை வளர்த்த அம்மாவிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டதாம். நான் உயிரோடு இருக்கிறேன் என்று கேட்டு அழுதார்களாம். ஒரு விஷயம் ஞாபகம் வந்து சொன்னார்களாம். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அன்றைக்கு இல்லத்து கேட்டில் ஒல்லியாக ஒரு ஆள் நின்றாராம். கையில் பிஸ்கட் பொட்டலம். மாமா முறை என்று இல்லத்தில் சொன்னார்களாம். அந்த அம்மா அவருக்குக் கை கொடுத்தாராம். அந்தக் கையில் ஒரு விரல் பாதிதான் இருந்ததாம். அதனால்தான் மறக்கவில்லையாம்.

ஆனிகா இதைச் சின்னச் சின்ன வார்த்தையாக, கையைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். ஆள்காட்டி விரலைப் பாதியில் மடக்கிக் காட்டினாள். "டு யூ நோ ஹிம்?"

"நோ" என்றேன்.

தறி ஓடுகிற ஊர் இது. விரல் போனவர்கள் எத்தனையோ பேர். இல்லத்துத் தோட்டக்காரராகக்கூட இருக்கலாம். அந்த அம்மாவுக்கு வயதாகிவிட்டது, ஞாபகம் பிசகியிருக்கும்.

ஜூலை 7, திங்கள்

பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப்போட்டுத் தேய்த்தேன். பரண்மேல் இருந்ததையும்.

ஜூலை 9, புதன்

வகுப்புக்குப் போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காய்ச்சல் என்று ஆனிகாவுக்குச் செய்தி அனுப்பினேன். காய்ச்சல் இல்லை. அவள் ஒரு பூப்படம் அனுப்பியிருக்கிறாள். கெட் வெல் சூன். பொய் சொல்லி வாங்கிய பூ.

ஜூலை 16, புதன்

இன்று கேட்டுவிட்டேன்.

சாயங்காலம் பட்டறையிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தார். சோறு போட்டு ரசம் ஊற்றினேன். பிசைகிற கையையே பார்த்தேன். இத்தனை வருஷம் பார்த்த கைதான்.

"அந்த வெள்ளக்காரம்மாவுக்குக் கை குடுத்தீங்களா?" என்றேன்.

கை நின்றுவிட்டது. தலை நிமிரவில்லை. "குடுத்தேன்" என்றார்.

நான் எதிரில் உட்கார்ந்தேன். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டாக்டரு என்னயக் கூப்புட்டுச் சொன்னாரு. மருந்து கேக்கல, புள்ளைக்கு ஏதாச்சும் வழி பண்ணிக்கப்பான்னு. பாப்பா பட்டறையில தறிக்குக் கிட்டக் கிட்டப் போகும். ஒருநாள் முடிச்ச அவுத்துக்கிட்டு ஓடுற தறியில கைய வெக்கப் போயிருச்சு. பாத்தவங்க கத்தலைன்னா கை போயிருக்கும். அந்த இல்லத்துல, அம்மா இருக்கற புள்ளைய நாங்க அப்படி எடுக்கறதில்ல, அம்மா இல்லைன்னு சொன்னா நல்ல எடத்துல சேத்துருவோம்னாங்க. எப்படியும் நீ இல்லாமத்தான போகப்போறேன்னு... சொல்லிட்டேன்."

"நான் செத்துட்டேன்னு."

"ஆமா."

"உசுரோட இருக்கறப்பவே."

"நீ பொழச்சு வருவேன்னு எனக்குத் தெரியாது புள்ள."

அழுகை வரவில்லை. "நான் பொழச்சு வந்தது உங்களுக்குக் கஷ்டமாப் போச்சு" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்தார். "அப்படிச் சொல்லாத. உன்னயப் பஸ்ஸுல கூட்டிட்டுப் போனனே, ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் இன்னைக்குச் சொல்லிரோணும், இன்னைக்குச் சொல்லிரோணும்னுதான் வருவேன். நீ அந்த கேட்டப் புடிச்சிட்டு நிக்கறதப் பாத்தா வாய் வராது. சொன்னா நீ செத்துருவேன்னு பயம். ரெண்டாவது வாட்டியும் உன்னயச் சாகடிக்க முடியாது தெய்வான."

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அடுத்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எதையோ பார்த்து எல்லோரும் சிரித்தார்கள்.

ஜூலை 18, வெள்ளி

சமைக்கிறேன். மூடி வைக்கிறேன். அவர் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். பேச்சில்லை.

ஜூலை 20, ஞாயிறு

இன்னும் காய்ச்சல் என்று சொன்னேன். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறாள். அவளுக்குக் கவலை.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. வகுப்புக்குப் போனேன். நூருன்னிசாவிடம் நேராகக் கேட்டேன். "நான் உன்னக் குடுக்கல, உங்கப்பாதான் குடுத்தாரு. இதுக்கு இங்கிலீஷ்ல என்னங்க டீச்சர்?"

அவள் என்னைப் பார்த்தாள். பலகையில் எழுதாமல் என் நோட்டில் எழுதினாள். ஐ டிட் நாட் கிவ் யூ அப். யுவர் ஃபாதர் கேவ் யூ அப். 

"டிட் நாட் வந்தா கிவ். இல்லைன்னா கேவ். இதுமட்டும் ஞாபகம் வெச்சுக்கங்கக்கா" என்றாள். பிறகு, "டீ குடிக்கிறீங்களா?" என்றாள். அவள் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்தாள். கீழே மருந்துக்கடையில் ஷட்டரை இறக்கும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து குடித்தோம்.

வெங்காயம் உரிக்கும்போது சொல்லிப் பார்க்கிறேன். ஐ டிட் நாட் கிவ் யூ அப். இப்போது தடுக்காமல் வருகிறது. இரண்டாவது வரி இன்னும் சுலபமாக வருகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பெருக்கு. ஆற்றில் கரை முட்டத் தண்ணீர். காலையில் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்த் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். புதுத் தாலிக்கயிறு கட்டிக்கொள்ளும் பெண்கள் வரிசையில் நிற்கவில்லை. வந்துவிட்டேன்.

ஆனிகா கூப்பிடுகிற நேரத்துக்கு அவர் வீட்டில் இருந்தார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, பாயில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். நான் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை.

படம் வந்தது. "ஹலோ அம்மா" என்றாள். அம்மா என்று தமிழில் சொன்னாள். யாரிடமோ கேட்டுப் பழகியிருக்கிறாள். இன்றைக்குத்தானா அதைச் சொல்லவேண்டும்.

நான் மனப்பாடம் செய்ததைத் தொடங்கினேன். "ஆனிகா. ஐ டிட் நாட் கிவ் யூ அப்."

அவள் அசையாமல் பார்த்தாள்.

"யுவர்..." என்றேன். அடுத்த சொல் வாய்க்குள் இருந்தது. பக்கத்தில் அவர் மூச்சு விடுவது கேட்டது. 

"நீ சொல்லாத," என்றார். "நான் சொல்றேன்."

நகர்ந்து வந்து போனுக்கு முன்னால் உட்கார்ந்தார். வளர்ந்த மகளை முதல்முறையாக நேருக்கு நேர் பார்க்கிறார். வாய் கோணிக்கொண்டது. சமாளித்துக்கொண்டு கையை நெஞ்சில் வைத்தார். 

"மீ," என்றார். "மீ கிவ் அப்." என்னைக் காட்டினார். "அம்மா, நோ. அம்மா, ஆஸ்பத்திரி." பிறகு தன் கையைப் போனுக்கு முன்னால் நீட்டி, பாதி விரலைக் காட்டினார்.

அந்த வார்த்தையை எங்கே படித்தார் என்று தெரியவில்லை. என் நோட்டைப் பார்த்திருக்கவேண்டும். நான் வெங்காயம் உரிக்கும்போது கேட்டிருக்கவேண்டும்.

ஆனிகா அந்த விரலைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது. பிறகு படம் போய்விட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பிரமிளா பேசினார். பிலிம் ஓடுகிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். "அவங்களுக்குக் கொஞ்சம் டைம் வேணும்மா. சிலர் திரும்பப் பேசுவாங்க, சிலர் பேசமாட்டாங்க. எதையும் சொல்ல முடியாது" என்றார். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஹாஸ்டலில் கொடியேற்றம். கேசரி கிண்டினோம். ஒரு பையன், "அக்கா, ஹாப்பி இன்டிபென்டன்ஸ் டே" என்றான். "சேம் டு யூ" என்றேன். மெஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இதை ஆனிகாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இல்லை.

டிராம் எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கும், மழையில் ஓடுமா, குறுக்கே யாராவது வந்தால் உடனே நிற்குமா. இதெல்லாம் கேட்காமல் விட்டுவிட்டேன். ஈட், ஈட் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வேலை விட்டு வரும்போது அவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். 

"வந்துச்சா?" என்றார்.

போனைத்தான் கேட்கிறார். அன்றைக்குப் போனுக்கு முன்னால் சொன்னதை விட்டால், ஒரு மாசத்துக்கு மேல் ஆகிவிட்டது நாங்கள் பேசி. 

"இல்ல" என்றேன்.

ஆகஸ்ட் 23, சனி

"வந்துச்சா?"

"இல்ல."

இவர் கேட்காவிட்டால் இவர்மேல் கோபம் வருகிறது. கேட்டாலும் வருகிறது. இந்த உலகத்தில் அந்தப் பிள்ளைக்காக வாசலைப் பார்க்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று இருபத்தைந்து வருஷம் இருந்தேன். பக்கத்திலேயே ஒருவர் இருந்திருக்கிறார். அது ஆறுதலாக இல்லை. ஆனாலும் தனியாகவும் இல்லை. என்ன எழுதுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

நூருன்னிசா நான் வராததால் வீட்டுக்கே வந்துவிட்டாள். பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மீதி இருந்தது, கொடுத்தேன். அவளிடம் எல்லாம் சொன்னேன். வகுப்புக்கு ஏன் வந்தேன் என்பதையும்.

"அன்னைக்கே தெரிஞ்சுச்சுக்கா, பிள்ளைய? அப்படின்னு நீங்க கேட்டப்பவே" என்றாள். 

"இனி அவ பேசாட்டி எதுக்கு இங்கிலீஷ்?"

"பேசினா?" என்றாள். 

நாளையிலிருந்து போகிறேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மதியம் ரெண்டு மணி இருக்கும். அரிசி களைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. ஈரக்கையோடு ஓடினேன். அவர் அதற்குள் எடுத்து, பதற்றத்தில் பாதி விரலாலேயே அழுத்திக்கொண்டிருந்தார். பிடுங்கி அழுத்தினேன்.

ஆனிகா. முகம் இளைத்திருந்தது. முடியை வெட்டிக்கொண்டிருக்கிறாள். சமையலறையில் இருந்தாள். ஹலோ சொல்லவில்லை.

"இஸ் ஹீ தேர்?" என்றாள்.

அவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். அவளிடம் ஒரு கேள்வி இருந்தது. மெதுவாக, எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள். அன்றைக்கு அவர் விட்டுவிட்டுப் போனபோது குழந்தை அழுததா. அதுதான் கேள்வி.

தமிழில் அவருக்குச் சொன்னேன். சொல்லும்போதுதான் இதை நானும் கேட்டதில்லை என்று உறைத்தது.

அவர் உடனே சொன்னார். யோசிக்கவே இல்லை. "அழுகல. ஒரு கையில பிஸ்கட்ட வெச்சுக்கிட்டு இன்னொரு கையில டாட்டா காட்டுச்சு. கடைக்குப் போயிட்டு வந்துருவேன்னு நெனச்சிருக்கும். நான் ரோடு திரும்பற வரைக்கும் காட்டிட்டே இருந்துச்சு."

நான் இதை இங்கிலீஷில் சொல்லவேண்டும். என்னைத் தவிர வேறு யாரும் இல்லை.

"யூ நோ க்ரை," என்றேன். "யூ டாட்டா. பிஸ்கட். யூ திங்க், அப்பா கோ ஷாப். கம் பேக்."

ஆனிகா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இவர் போனை நோக்கிக் கையை நீட்டிவிட்டு, தொடத் தெரியாமல் பாயில் வைத்துக்கொண்டார். 

அவள் எங்கள்மேல் கோபமாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. மூக்கைத் துடைத்தாள். எழுந்தாள். கட் செய்யப்போகிறாள் என்று நினைத்தேன். 

கட் செய்யவில்லை. போனை எதன்மேலோ சாய்த்துவைத்தாள். அடுப்பைப் பற்றவைத்து ஒரு சட்டியை ஏற்றினாள். எங்களுக்கு முதுகு காட்டி நின்று உருளைக்கிழங்கைத் தோல் சீவினாள். இடது கையால் சீவுகிறாள். எனக்குத் தெரியாது. வெந்ததும் தட்டில் போட்டாள், மேலே வெண்ணெய் மாதிரி ஏதோ வைத்தாள், எதிரில் வந்து உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்தாள்.

சாப்பிட ஆரம்பித்தாள்.

"உப்பே போடலையே அது" என்றார் இவர், காதோடு காதாக.

"சும்மா இருங்க" என்றேன்.

அவள் ஊதி ஊதி, மெல்ல மெல்லச் சாப்பிட்டாள். எங்கள் அரிசி பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. கடைசி வாய் சாப்பிட்டு, தட்டில் ஒட்டியிருந்ததை வழித்துத் தின்னும்வரை நாங்கள் இரண்டு பேரும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.